கோத்தகிரியில் வகுப்பு குரூப் போட்டோ: பிள்ளைகள் விறைக்காமல், கண் மூடாமல் எடுப்பது எப்படி?

கட்டபெட்டு டீச்சர்

வணக்கம். கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்தாம் வகுப்புக்கு வருடக் கடைசி குரூப் போட்டோ எடுக்கவேண்டும். பிள்ளைகள் 41, பெரியவர்கள் 3, மொத்தம் 44 பேர். ஏற்பாடு முழுக்க என் தலையில்.

போன தடவை வந்த படத்தில் இருந்த கோளாறுகளை அப்படியே எழுதிவிடுகிறேன். பாதிப் பிள்ளைகள் தடுப்பூசி வரிசையில் நிற்பதுபோல விறைத்து நிற்கிறார்கள். கண்ணாடி போட்ட ஆறு பேருக்கும் கண் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை வட்டம்தான் தெரிகிறது. நான்கு பேர் கண் மூடியிருக்கிறார்கள். ஓரத்தில் நிற்பவர்களின் முகம் பக்கவாட்டில் இழுத்த மாதிரி அகன்றிருக்கிறது. "நீ குட்டை, முன்னாடி வா" என்று இழுத்து உட்காரவைத்த பையன்களின் முகம் தொங்கிப்போயிருக்கிறது. கீழே அச்சடித்த பெயர்களில் கொம்பெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது.

இந்தத் தடவை நவம்பர் இரண்டாம் வாரம் வரட்டுமா என்கிறார் போட்டோகிராபர். மைதானம் சரிவு. எங்கள் பக்கத்தில் என்னென்ன தயாராக இருக்கவேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மணியடிக்குமுன்

டீச்சர், முதல்ல தேதியை மாத்துங்க. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர், நவம்பர்தான் பெரிய மழை. கூடலூர்க்காரங்களுக்கு ஜூன், ஜூலை எப்படியோ அப்படி. நவம்பர்ல வெச்சா ரெண்டு மூணு தடவை ஒத்திப்போடவேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் இஸ்திரி போட்ட சட்டையோட வந்து ஏமாந்து திரும்புற பிள்ளைக்கு, கடைசியில படம் எடுக்கறப்ப ஆசையே இருக்காது. பொங்கல் லீவு முடிஞ்ச அடுத்த வாரம் வைங்க. வானம் தெளிவா இருக்கும். ஹெத்தையம்மன் பண்டிகை எந்தத் தேதியில விழுதுன்னு மட்டும் பார்த்துக்கோங்க, படுகர் வீட்டுப் பிள்ளைங்க அன்னிக்கு வரமாட்டாங்க. காலை 9.30 முதல் 10.30க்குள்ள முடிச்சிடுங்க. மதியத்துக்கு மேல பள்ளத்தாக்கிலிருந்து மிஸ்ட் ஏறிவந்துடும்.

இப்ப விறைப்பு விஷயம். கேமராவைப் பார்த்துப் பிள்ளைங்க விறைக்கறாங்கன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. உண்மையில விறைப்பு வர்றது, வரிசையில நிறுத்தினதுக்கும் கிளிக் பண்றதுக்கும் நடுவுல ஓடுற நேரத்துல. இருபது நிமிஷம் "ஆடாதே, அசையாதே" கேட்ட பிள்ளை எப்படிங்க சிரிக்கும்? நிறுத்தி அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடியணும். அதுக்கு வேலையெல்லாம் முதல் நாளே முடிஞ்சிருக்கணும்.

நாலு வரிசை போதும். தரையில ஜமுக்காளத்துல 10 பேர். நாற்காலியில பெரியவங்க 3, பிள்ளைங்க 8. அதுக்குப் பின்னாடி தரையில நிக்கிறவங்க 12. கடைசியா பெஞ்சு மேல 11. கூட்டிப் பாருங்க, 44 வரும்.

உயரம் பார்க்கவேண்டியது பின்னாடி ரெண்டு வரிசைக்கு மட்டும்தான். உட்காருற வரிசையில யார் உயரம், யார் குட்டைன்னு படத்துல தெரியவே தெரியாது. அதனால உயரமான 23 பேரை மட்டும் பிரிச்சிட்டு, மீதி 18 பேர்கிட்ட "நாற்காலியா, ஜமுக்காளமா?" ன்னு கேட்டுடுங்க. தானா தேர்ந்தெடுத்த இடத்துல உட்கார்ந்த பையன் முகம் தொங்காது. இன்னொண்ணு, இந்த வயசுல பெண் பிள்ளைங்க பல பேர் பையன்களைவிட உயரமா இருப்பாங்க. கணக்கா உயரத்துல எடுத்தா பெஞ்சு மேல முழுக்கப் பெண் பிள்ளைங்களே நிப்பாங்க, அதுல சிலர் கூனிக்கிட்டு நிப்பாங்க. ரெண்டு செ.மீ. வித்தியாசத்தைக் கண்டுக்காம கலந்து நிறுத்துங்க.

வரிசை பிரிக்கிற விதம்: முதல் நாள் வராந்தாவுல சுவரோரமா உயரப்படி நிறுத்தி, முதல் 11 பேர் பெஞ்சு, அடுத்த 12 பேர் நிற்கிற வரிசை. ஒவ்வொரு வரிசையையும் "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" ன்னு எண்ணச் சொல்லுங்க. ஒண்ணெல்லாம் நடுவுலேர்ந்து இடது பக்கமா, ரெண்டெல்லாம் வலது பக்கமா போய் நிக்கட்டும். உயரமானவங்க நடுவுல, ஓரத்துக்குப் போகப்போக இறங்கும். உடனே ஆளுக்கொரு நம்பர் சீட்டு கொடுத்துடுங்க. மறுநாள் பெஞ்சு மேலயும் தரையிலயும் சாக்பீஸ்ல அதே நம்பர். பிள்ளை தன் நம்பர்ல போய் நின்னுக்கும். பேரைக் கத்தவேண்டாம், தோளைப் பிடிச்சுத் தள்ளவேண்டாம், "டேய் குட்டையா" வேண்டவே வேண்டாம்.

மைதானம் சரிவுன்னு சொன்னீங்க. சரிவு நல்லதுதான், முதுகு மேட்டுப் பக்கமா நிறுத்தினா பெஞ்சே தேவைப்படாம போகலாம். பெஞ்சு போட்டே ஆகணும்னா நாலு காலும் மண்ணுல பதியுதான்னு பெரியவங்க ரெண்டு பேர் ஏறிக் குதிச்சுப் பாருங்க. ஆறடி பெஞ்சுக்கு நாலு பிள்ளைக்கு மேல வேண்டாம். ஓரத்துல நிக்கிற பிள்ளை காலை விளிம்புக்கு வெளிய வெச்சா எதிர்ப்பக்கம் தூக்கிடும். பாசி படிஞ்ச பெஞ்சுன்னா முதல் நாளே தேய்ச்சுக் காயவெச்சுடுங்க. டெஸ்க் மேல யாரையும் ஏத்தாதீங்க, முக்கால் மீட்டர் உயரம், விழுந்தா கைதான் முதல்ல போகும். ஜமுக்காளத்துக்கு அடியில தார்ப்பாய் கட்டாயம். ஜனவரிப் பனியில புல்லு பத்து மணி வரைக்கும் ஈரமா இருக்கும், டிரவுசர் நனைஞ்ச பையன் எப்படிச் சிரிப்பான்?

கைக்கு ஒரே ஒரு உத்தரவு போதும். உட்காருறவங்க உள்ளங்கை தொடை மேல. நிக்கிறவங்க கை பக்கவாட்டுல தொங்கட்டும், பின்வரிசையில கை எப்படியும் தெரியாது. "கையைக் கட்டு" ன்னா தோள் தூக்கிக்கும், அங்கேயே விறைப்பு ஆரம்பம். தாடையைப் பிடிச்சுத் திருப்ப போட்டோகிராபரை விடாதீங்க. "லெஃப்ட்ல பாரு" ன்னா பாதிப் பேருக்கு எது லெஃப்ட்னு குழப்பம். "எல்லாரும் மூக்கைக் கொடிக்கம்பத்துக்குக் காட்டுங்க கண்ணுகளா" ன்னு சொல்லிப் பாருங்க, 41 முகமும் ஒரே திசையில திரும்பும்.

கடைசியா காசு. போட்டோ எடுக்கிற அன்னிக்கு காசு வாங்கவே வாங்காதீங்க. "காசு கொடுக்காதவங்க கையைத் தூக்கு" ன்னு ஒரு வார்த்தை போதும், அன்னிக்குப் படம் முழுக்க அது ஒட்டிக்கும். வாங்குறவங்க வாங்கட்டும், படத்துல எல்லாரும் இருக்கணும். வாங்காத பிள்ளைக்கு ஒரு பிரதியாவது பள்ளிக் கணக்குல வர்ற மாதிரி ஸ்டுடியோகிட்ட முன்கூட்டியே பேசிடுங்க. 44 பேர் ஆர்டர்ல ரெண்டு மூணு பிரதி சும்மா கேட்கறது பெரிய விஷயமில்ல.

நெகட்டிவ் பெட்டி

மேலே மணியடிக்குமுன் சொன்ன வரிசையை வைத்தே கேமரா பக்கத்தைச் சொல்கிறேன்.

இடம்: வடக்குப் பார்த்த சுவர். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், எனவே கட்டடத்தின் வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழல். 4 மீட்டர் உயரச் சுவருக்கு நண்பகலில்கூட ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நிழல் விழும், காலையில் அதைவிட அதிகம். நான்கு வரிசைக்கு ஆழம் சுமார் 2 மீட்டர்தான், ஆக எல்லோரும் நிழலுக்குள் அடங்குவார்கள். மலை வெயில் சுள்ளென்று இருக்கும். அதில் நிறுத்தினால் கண்ணைச் சுருக்குவார்கள், மூக்குக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். மரத்தடி வேண்டாம், இலை இடுக்கில் விழுகிற வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும்.

கண்ணாடி வெள்ளையடிப்பது ஏன் என்றால், மேகமூட்ட நாளில் வானம் முழுக்க ஒரே வெள்ளைப் பலகை. அது கண்ணாடியில் பிரதிபலிக்கிறது. போட்டோகிராபர் ஸ்டூலில் ஏறி நின்று "மேலே பாருங்க" என்றால் இன்னும் மோசம். முதல் வழி, தலைக்கு மேல் கூரை நீட்டம் இருக்கிற இடத்தில் நிறுத்துவது, அது மேல் வானத்தை மறைத்துவிடும். அது இல்லையென்றால் கண்ணாடியின் காது வளைவை மட்டும் அரை செ.மீ. மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி கொஞ்சம் தரையைப் பார்க்கும், வெள்ளை போய்விடும். முன்னாலிருந்து பார்த்தால் தூக்கியது தெரியாது. ஒரு படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கி அந்த ஆறு பேரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லவே வேண்டாம். தினமும் போட்டிருக்கிற பிள்ளைக்கு அது இல்லாத முகம் தன் முகமாகவே தெரியாது, மூக்கில் தழும்பு வேறு நிற்கும்.

கூரைக்கு வெளியே மேகமூட்டத்தில் எடுத்தால் வெளிச்சம் உச்சியிலிருந்து விழும், கண் குழி இருண்டுபோகும். தரையில் உட்காரும் வரிசைக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி, படத்துக்குள் வராதபடி, வெள்ளை வேட்டி இரண்டை விரித்துப் போடுங்கள். தெர்மாகோல் அட்டையும் ஆகும், ஆனால் காற்றடித்தால் பறக்கும். கீழிருந்து வெளிச்சம் எழும்பி முன் இரண்டு வரிசையாவது தெளிந்துவிடும்.

மிஸ்ட் இறங்கியிருந்தால் கேமரா மேல் இருக்கும் ஃபிளாஷை அணைக்கச் சொல்லுங்கள். நீர்த்துளியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் பூச்சியாக விழும். இன்னொரு மலைப் பிரச்சினை லென்ஸ் வேர்ப்பது. விடியற்காலை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவந்த கேமரா வண்டியில் சில்லிட்டிருக்கும். அதை நேராக 40 பிள்ளைகள் மூச்சு விடும் வகுப்பறைக்குள் திறந்தால் கண்ணாடி முழுக்கப் பனி படியும். துடைத்தால் மறுபடி படியும். பையை மூடியபடியே உள்ளே வைத்து அரை மணி விட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது. போட்டோகிராபர் சீக்கிரம் வரவேண்டியது இதற்காகத்தான்.

ஓரத்து முகம் அகல்வது லென்ஸ் குற்றம் இல்லை, கிட்ட நின்ற குற்றம். 11 நாற்காலி சேர்ந்து 5 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் அரை மீட்டர் விட்டு 6 மீட்டர் படத்துக்குள் வரவேண்டும். கேமராவோடு சேர்ந்தே வருகிற சாதாரண கிட் லென்ஸ் போட்ட கேமரா என்றால் 35 மி.மீ.யில் வைத்து 9 மீட்டர் பின்னால் போகவேண்டும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள கேமரா) என்றால் 50 மி.மீ., எட்டரை மீட்டர். 18 மி.மீ.க்கு விரித்துக்கொண்டு 5 மீட்டரில் நின்றால் ஓரத்துப் பிள்ளைகள் பூசணிக்காய் ஆகிவிடுவார்கள். ஆகவே இடம் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைகள் நிற்க மட்டும் பார்க்காதீர்கள், எதிரே 9 மீட்டர் காலி இருக்கிறதா என்று அடி வைத்து அளந்துகொள்ளுங்கள். நம் ஊர் மைதானங்களில் பத்தடி வைத்தால் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறோம். கைபேசியில் எடுப்பவர்களும் மெயின் கேமராவில் கிட்டப் போகாமல், 2 மடங்கு வைத்துப் பின்னால் நகரவும். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், பின்வரிசைக் காதுகளைத் தின்றுவிடும்.

போட்டோகிராபருக்கான செட்டிங்: லென்ஸ் துளை எஃப் 8, நிழலில் வெளிச்சம் போதாவிட்டால் எஃப் 5.6, ஷட்டர் 1/200க்குக் குறையாமல், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 அல்லது 800. இந்தத் தூரத்தில் எஃப் 5.6 வைத்தாலும் நான்கு வரிசையும் ஷார்ப்பாகவே வரும். ஃபோகஸை இரண்டாவது வரிசையில் ஒரு முகத்தில் பூட்டவேண்டும். கேமரா உயரம், நிற்கும் வரிசையின் கண் மட்டம். டிரைபாட் (முக்காலி) கட்டாயம், காரணம் கீழே.

வெளிச்சத்தைக் கேமராவின் ஆட்டோவிடம் விட்டால் ஏமாற்றும். அடர் நீல, மெரூன் ஸ்வெட்டர் 41 சேர்ந்தால் ஒரு கறுப்புத் திட்டு, அதைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகம் வெளுக்கும். பின்னால் மிஸ்ட் வெள்ளையாக இருந்தால் அதைப் பார்த்துக் குறைத்துவிடும், முகம் கறுக்கும். முதல் படத்தில் முகத்தைப் பார்த்து மேனுவலில் நிறுத்திவிட்டால் கடைசிவரை மாறாது. இதோடு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: எடிட்டிங்கில் நிறத்தை வெளுக்கக்கூடாது. சில இடங்களில் கேட்காமலே செய்துதருகிறார்கள். சரியாக எடுத்த முகத்துக்கு வெள்ளையடிக்க வேண்டிய தேவை இல்லை, அந்தப் பிள்ளைக்கு அது என்ன சொல்கிறது என்பது வேறு விஷயம்.

கண் மூடுவது வெறும் கணக்கு. ஒருவர் நிமிடத்துக்குப் பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் கால் விநாடி சிமிட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால், எந்தக் கணத்திலும் அவர் கண் மூடியிருக்க 4 சதவீத வாய்ப்பு. 44 பேரும் ஒருசேரத் திறந்திருப்பது ஆறு படத்தில் ஒன்றுதான். 12 படம் எடுத்தால் ஒன்றாவது தேற பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு. ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓக்காரர்கள் இரண்டு பேர் இந்த மாதிரிக் கணக்குக்காகவே 2006இல் இக் நோபல் (சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுக்கான வேடிக்கைப் பரிசு) வாங்கினார்கள். 20 பேருக்குள் உள்ள கூட்டமென்றால் தலையெண்ணிக்கையை 3ஆல் வகுத்து வருகிற அத்தனை படம், வெளிச்சம் குறைவென்றால் 2ஆல் வகுக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. 120 ஃபிலிம் சுருளில் சதுரப் படம் மொத்தமே 12தான், அந்தக் காலத்தில் வகுப்புக்கு இரண்டு கிளிக்கோடு நிறுத்தினார்கள், நியாயம். ஊட்டி இந்துநகரில் ஃபிலிம் ஆலையே மூடிக்கிடக்கிறது, இப்போதும் இரண்டு கிளிக்கா?

அதைவிடச் சுலபமான வழி: "எல்லாரும் கண்ணை மூடுங்க. மூணு எண்ணுவேன், மூணில் திறங்க." திறந்த அடுத்த விநாடியில் பெரும்பாலும் யாரும் சிமிட்டமாட்டார்கள். இப்படி நான்கு தடவை, ஒவ்வொன்றிலும் மூன்று கிளிக். அப்படியும் ஒருவர் கண் மூடியிருந்தால், டிரைபாடில் எடுத்ததால் பக்கத்துப் படத்திலிருந்து அந்த ஒரு முகத்தை மட்டும் மாற்றிவைக்கலாம்.

மேல்மலைக்காரி

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் அக்டோபர், நவம்பர் படத்துக்கு ஆகாது. வீட்டில் பெற்றோர் செய்யவேண்டியதை யாரும் சொல்லவில்லையே, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிவிடுங்கள் டீச்சர்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மலையில் ஜனவரியில் எந்நேரமும் கட்டிதான். கட்டியாகவே எடுத்துத் தலையில் தேய்த்தால் அளவு தெரியாமல் அதிகமாகிவிடும், நெற்றியில் வழிந்து மின்னும். முதல் நாள் ராத்திரியே தலைகுளித்துவிட்டு, காலையில் உருக்கிய எண்ணெய் அரை ஸ்பூன் போதும். ஆண் பிள்ளைக்கு முடி வெட்டுவதென்றால் ஒரு வாரம் முன்னால். முதல் நாள் வெட்டினால் காதோரம் வெள்ளைப் பட்டை தெரியும்.

பனியில் கன்னமும் உதடும் வெடித்திருக்கும். வாசலினை ராத்திரி தடவுங்கள், காலையில் வேண்டாம், பளபளக்கும். பவுடர் போட்டால் கழுத்து, காது மடல் வரை ஒரே சீராகப் போடுங்கள், இல்லாவிட்டால் முகம் மட்டும் தனியாக மிதக்கும். மங்கி குல்லா போட்டு வருகிற பிள்ளைக்கு முடி அமுங்கியும் சிலிர்த்தும் நிற்கும். சீப்பால் வாரினால் கம்பளி மின்சாரத்தில் இன்னும் எழும்பும். உள்ளங்கையை லேசாக நனைத்துத் தடவிவிட்டால் படிந்துவிடும். ஒரு கைக்குட்டைக் கட்டு வகுப்பில் இருக்கட்டும், குளிரில் 41 மூக்கும் ஒழுகும்.

ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். குளிரில் தோளைக் குறுக்கி முஷ்டி பிடித்துக்கொள்வார்கள், அதுவும் விறைப்புதான். நிறம் மங்கிய ஸ்வெட்டரும் அண்ணன் போட்ட ஸ்வெட்டரும் இருக்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளையைப் பின்வரிசையில் ஒளிக்கவேண்டாம், படத்தில் அந்த நிற வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தெரியாது.

சிரிக்கச் சொல்லும் விதம். "சீஸ்" எதற்கு? தேயிலைச் சீமையில் "டீ" என்று சொல்லச் சொன்னாலே வாய் அதே மாதிரி விரியும், கடைசியில் "ஸ்" என்று பல்லைக் கடிக்கவும் வேண்டாம். ஆனால் கீழ் வகுப்புக்கு அதுவும் வேண்டாம். ஆறு ஏழு வயதில் முன்பல் விழுந்திருக்கும், பல் தெரியச் சிரிக்கச் சொன்னால் கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். வாய் மூடிய சிரிப்பும் சிரிப்புதான்.

போட்டோ என்றாலே ஒதுங்குகிற பிள்ளை வகுப்புக்கு ஒன்றிரண்டு இருக்கும். அவர்களை நடுவில் வைத்தால் எல்லோர் கண்ணும் தன்மேல் என்று நினைப்பார்கள், ஓரத்தில் வைத்தால் நழுவிவிடுவார்கள். நிற்கும் வரிசையில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே, இரண்டு பக்கமும் சிநேகிதர்களோடு நிறுத்துங்கள். சக்கர நாற்காலிப் பிள்ளை இருந்தால் நாற்காலி வரிசைக்குள்ளேயே ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு இடம் கொடுங்கள், வரிசை முடிந்த பிறகு ஒட்டவைத்த மாதிரி ஓரத்தில் வேண்டாம்.

அச்சுக்கோப்பு

பெயர் சிதைவுக்குக் காரணம் எழுத்துரு. நீங்கள் வாட்ஸப்பில் அனுப்புவது யூனிகோடு. ஸ்டுடியோவில் இருப்பது பெரும்பாலும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவும் பழைய போட்டோஷாப்பும். பாமினியில் கொம்பை முதலில் தட்டவேண்டும், யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் அது சேமிக்கப்படும். பழைய போட்டோஷாப்பில் இந்திய மொழி அமைப்பை இயக்காமல் யூனிகோடை ஒட்டினால் பெள்ளி, போஜன் மாதிரிப் பெயர்கள் எல்லாமே உடையும், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

தப்பிக்க எளிய வழி, பெயர்ப் பட்டியலை நீங்களே வேர்டில் தட்டி பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது. அதைப் படமாக இறக்கி ஒட்டினால் எழுத்து மாறாது. அச்சுக்குப் போகும்முன் மாதிரியை வாங்கி ஒவ்வொரு பெயரையும் வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள், முதலெழுத்து உட்பட.

இடமிருந்து வலம் என்பது படத்தைப் பார்ப்பவரின் இடம். பிள்ளைகள் எழுந்து போவதற்குள் கேமரா பக்கம் நின்று, பின்வரிசையிலிருந்து நம்பர் சீட்டுப்படி எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் இரட்டையர்களும் ஒரே பெயர்க்காரர்களும் மாறிவிடுவார்கள்.

அளவு 8க்கு 12 அங்குலம். கேமராவின் விகிதமும் இதுவும் ஒன்றே, வெட்டு விழாது. 8க்கு 10 கேட்டால் ஓரத்துப் பிள்ளைகளின் தோள் போகும். மேலும் கீழும் மிஞ்சும் இடம் பள்ளிப் பெயருக்கும் பெயர் வரிசைக்கும். 8க்கு 12இல் ஒரு முகம் சுமார் 1 செ.மீ. வரும். 5க்கு 7 என்றால் 6 மி.மீ.தான், அடையாளம் தேடவேண்டும். ஐடி கார்டுக்கான 35க்கு 45 மி.மீ. படத்தை அதே காலையில் சேர்க்காதீர்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 41 நிமிடம், அதற்குள் குரூப்புக்கு வைத்த முகமெல்லாம் வாடிவிடும்.

பெயரோடு கூடிய படத்தைப் பள்ளியின் பொதுப் பக்கத்தில் போடுவதாக இருந்தால் பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது.

கட்டபெட்டு டீச்சர்

ரொம்ப நன்றி எல்லோருக்கும். தேதியை ஜனவரிக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். இரண்டு கேள்வி பாக்கி. அன்றைக்கு வராத பிள்ளையை என்ன செய்வது? மூலையில் முட்டை வடிவத்தில் ஒட்டுகிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்து, அன்றைக்கே மழை பிடித்தால்? வராந்தா 2 மீட்டர் 20 அகலம், நீளம் 14 மீட்டர்.

நெகட்டிவ் பெட்டி

முட்டை வடிவம் எனக்கும் பிடிக்காது. இறந்தவர் படம் மாதிரி இருக்கும். ஒருவர் இருவர் வராவிட்டால் நிற்கும் வரிசையின் ஒரு முனையில் அந்த அளவு இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள். டிரைபாட் கால் மூன்றும் நின்ற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, தூரத்தையும் உயரத்தையும் லென்ஸ் அளவையும் எழுதிவையுங்கள். அந்த வாரத்துக்குள், அதே நேரத்தில், அதே இடத்தில் அந்தப் பிள்ளையைத் தனியாக எடுத்துச் சேர்த்தால் ஒட்டு தெரியாது. வெயில் நாளில் எடுத்ததை மேகமூட்ட நாள் படத்தோடு சேர்த்தால்தான் காட்டிக்கொடுக்கும். ஐந்து பேருக்கு மேல் வரவில்லை என்றால் மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள்.

வராந்தாவில் நான்கு வரிசை அடங்கும், ஆனால் எதிரே 9 மீட்டர் தூரம் மழையில் இருக்கும். போட்டோகிராபர் குடையோடு மைதானத்தில் நின்று எடுக்கலாம். மழை வலுத்தால் நடுவில் விழும் தாரை கோடாகத் தெரியும், சிறு தூறல் தெரியாது. வராந்தாவின் நீளவாக்கில் மறுமுனையிலிருந்து எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2 மீட்டர் 20க்குள் வரிசைக்கு ஆறு பேர் வைத்து எட்டு வரிசையாக அடுக்கவேண்டி வரும், பின்னால் நிற்பவர்களின் நெற்றிதான் தெரியும்.

தூண் இருக்கிறதா வராந்தாவில்? இரண்டு தூணுக்கு நடுவில் எத்தனை மீட்டர் என்று அளந்து சொல்லுங்கள்.

கட்டபெட்டு டீச்சர்

3 மீட்டர் 40.

நெகட்டிவ் பெட்டி

வரிசை 5 மீட்டர், அப்படியானால் தூண் சில பிள்ளைகளை மறைக்கும். வரிசைகளைத் தூணுக்கு முன்னால், படிக்கட்டில் இறக்கி வையுங்கள். கூரை நீட்டம் படிக்கட்டு வரை வருகிறதா என்று மழை நாளில் ஒரு தடவை நின்று பாருங்கள். சொட்டு விழுகிற கோட்டுக்கு உள்ளே ஜமுக்காளத்தின் விளிம்பு இருக்கவேண்டும்.